இனோகுமா அத்தான் சோற்றை நனைத்த கதை

என் அக்கா ஃபுமியே, இனோகுமாவை விவாகரத்து செய்துவிட்டாள். எனக்கு அந்த வசதி இல்லை. அக்காவின் முன்னாள் கணவரை எந்த அலுவலகத்தில் போய் ரத்து செய்வது? அதனால் இன்றைக்கும் அவர் எனக்கு அத்தான்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேட் திறக்கக் காத்து நிற்பவர்களில் நானும் ஒருவன். அவரைப் பார்க்க என்னை விட்டால் வேறு யாரும் போவதில்லை.

மனிதர் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடித்துவிட்டு ரகளை செய்ததில்லை. குதிரைப் பந்தயத்துக்குப் போனதில்லை. மனைவி மேல் கை நீட்டியதில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. எதிரில் சுஷியை வைத்துவிட்டால் வாய் சும்மா இருக்காது.

ஒரு பிடி சோறு, அதன் மேல் ஒரு துண்டு மீன். குழந்தைகூடச் சாப்பிட்டுவிடும். ஆனால் எங்கள் ஊரில் அதற்குச் சட்டப் புத்தகமே உண்டு. முதலில் வெள்ளை மீன், பிறகு சிவப்பு, பிறகு கொழுப்பு, சுருள் வகையெல்லாம் கடைசியில். சோயா சாஸ் மீன் மேல்தான் படவேண்டும், சோற்றின் மேல் படக்கூடாது. வசாபி என்ற காரமான பச்சை விழுதைச் சாஸில் கலக்கக் கூடாது. ஒரே வாயில் போட வேண்டும். வைத்த உடனே சாப்பிட வேண்டும். சாப்பிட ஒட்டினாற்போல் தரும் மரக்குச்சியைப் பிளந்ததும் ஒன்றோடொன்று தேய்க்கக் கூடாது, தேய்த்தால் 'உன் கடைக் குச்சி மட்டம்' என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தமாம். பாதிப் பேருக்கு இதில் பாதி தெரியும், மீதியைத் தெரிந்த மாதிரி தலையாட்டிக் காலத்தை ஓட்டிவிடுவார்கள். இனோகுமா அத்தானுக்கு முழுதும் தெரியும். அதுதான் அவருக்குப் பிடித்த சனி.

இது அவருக்கு எங்கிருந்து ஒட்டியது என்று ஒருமுறை அவரே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் அவரை நிஹோன்பாஷியில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனாராம். பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர், இந்தப் பக்கம் கோட்டு போட்ட பெரிய மனிதர்கள், நடுவில் இவர். முதல் சுஷியையே சோற்றுப் பக்கமாகச் சாஸில் முக்கிவிட்டார். "தம்பி, குளிப்பாட்டணும்னா மீன குளிப்பாட்டு. சோறு பாவம்," என்றாராம் சமையல்காரர். வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது ஓய்வு பெற்ற அந்த மனிதரின் காது அப்போதுதான் நடந்த மாதிரி சிவந்துவிட்டது. அன்றிலிருந்து தேடித் தேடி எல்லாச் சட்டத்தையும் கற்றுக்கொண்டார். தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இன்னொருவரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்றுதான் எல்லோரையும் திருத்தினார். அவர் மனதில் அது ஒரு சேவை. நமக்குத்தான் அது சேவை மாதிரித் தெரியவில்லை.

என் அம்மா இறந்தபோது, தகனத்துக்கு முந்தின இரவுச் சடங்கில், வழக்கம்போல் எல்லோருக்கும் சுஷித் தட்டு வைத்தோம். மந்திரம் சொல்ல வந்த கோயில் சாமியார் பசியோடு குச்சியைப் பிளந்து சரக் சரக்கென்று தேய்த்தார். அத்தான் குனிந்து வணங்கி, மிகவும் மரியாதையாக, "சாமி, குச்சியத் தேய்க்கக் கூடாதுங்க," என்றார்.

"சிலாம்பு குத்துமேப்பா," என்றார் சாமியார்.

"குத்தினாலும் தேய்க்கக் கூடாதுங்க."

பெட்டிக்குள் அம்மா படுத்திருக்கிறாள், இங்கே இந்தப் பஞ்சாயத்து. அடுத்த வருட நினைவுநாளுக்கு அந்தச் சாமியார் வரவில்லை, தன் மகனை அனுப்பிவைத்தார்.

அத்தானின் ஒரே மகள் சாயோ. அவள் தொடக்கப் பள்ளியில் படித்தபோது ஒரு பிறந்தநாளுக்குத் தோழிகளை வீட்டுக்கு அழைத்தாள். பெரிய வட்டத் தட்டில் சுஷி வந்தது. பிள்ளைகள் பாய்ந்து முட்டையையும் இறாலையும் எடுத்தார்கள். அத்தான் எல்லாக் கைகளையும் நிறுத்தி, வெள்ளை மீனிலிருந்து வரிசையாக ஆரம்பித்து வைத்தார். பிள்ளைகள் மடியில் கையை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவதுபோல் சாப்பிட்டார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். அதற்குப் பிறகு சாயோவின் பிறந்தநாளுக்கு யாரும் வந்ததில்லை. சாயோவும் யாரையும் கூப்பிட்டதில்லை.

அக்கா போனது அவர் ஓய்வு பெற்ற வாரத்தில். கொண்டாட்டத்துக்கு வரவழைத்த சுஷியில் அவள் முதலில் வெள்ளரிச் சுருளை நோக்கிக் கை நீட்டினாள்.

"அது கடைசியிலம்மா," என்றார் அத்தான்.

அக்கா குச்சியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அத கடைசியிலதான் சாப்பிடுறேன். கடைசில என் வயித்துல இடமே இருக்கறதில்ல. எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதாங்க," என்றாள். சண்டை போடவில்லை. நீகாதாவில் எங்கள் பெரியப்பா விட்டுப்போன வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்கிறாள். குரலைக் கேட்டால் அது பொய்யில்லை என்று தெரிகிறது.

சாயோவும் படிப்பு முடிந்ததும் தனி வீடு பார்த்துக்கொண்டாள். அப்பாவுக்குப் புது வருட வாழ்த்து அட்டை மட்டும் வரும், அதுவும் அச்சடித்தது. அத்தான் அதைச் சாமி மாடத்தில் வைப்பார். பிறகு அதுவும் வருவது நின்றது.

போன இலையுதிர் காலத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, எனக்குக் கல்யாணம். வசந்தத்துல."

"அட! யாரும்மா பையன்?"

"நிஷினான்னு பேரு. நாகானோக்காரர். முதியோர் இல்லத்துல வேல பாக்குறாரு. அப்பாகிட்ட ஒரு தடவ கூட்டிட்டு வரேன். ஒரே தடவ. தட்டு பெல்ட்டுல சுத்தி வருமே, அந்த மாதிரி சுஷிக் கடைக்கு. சுஷியப் பத்தி ஒரு வார்த்த பேசினாருன்னா கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டேன். நீங்களும் வாங்க. சாட்சிக்கு."

"ஏம்மா, வேற கடையே கெடைக்கலையா? நல்ல நூடுல்ஸ் கட இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம் மாமா. நூடுல்ஸ் கடையில யாரு வேணா நல்ல அப்பாவா இருக்கலாம். இவரு சுஷிக் கடையில இருக்க முடியுதான்னுதான் பாக்கணும்."

அத்தானிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "எம் பொண்ணு என்னைக் கூப்பிட்டிருக்கா," என்றார். நிபந்தனை அவர் காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

விழுந்திருந்தது. அடுத்த ஞாயிறு போனபோது அவர் சமையலறை மேசையில் சூப்பர் மார்க்கெட் சுஷிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் சாஸும் வசாபியும் கலந்து சேறாகக் கிடந்தது. ஒரு சூரை மீன் சுஷியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சோற்றுப் பக்கமாக முக்கினார். சோறு உடைந்து கிண்ணத்தில் விழுந்தது.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"பழகுறேன்ப்பா, ஹிரோ."

"பேசாம இருந்தாப் போதும்னுதானே சொன்னா?"

"பேசாம இருந்தா, மனசுக்குள்ள மார்க் போடுறேன்னு நெனப்பா. எம் மொகம் எனக்குத் தெரியாதா? நானே தப்பா சாப்பிட்டேன்னா, அப்பா மாறிட்டாருன்னு அவளுக்குத் தெரியும்ல? அந்தப் பையனும் கூச்சப்படாம சாப்பிடுவான்." மறுபடி ஒரு சுஷியை எடுத்தார். "தப்பா சாப்பிடுறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்கு நம்பிவிட்டேன்.

கடையில் ஞாயிறு மதியக் கூட்டம். ஸ்டேஷன் மாதிரி எண்ணைக் கூவிக் கூவி மேசைக்கு அனுப்புகிறார்கள். பெல்ட்டில் சுஷித் தட்டுகள் ஊர்ந்து போகின்றன. தொடுதிரையில் கேட்டால் மேல்தடத்தில் விர்ரென்று வந்து, பாட்டு ஒன்று பாடிவிட்டு நம் முன்னால் நிற்கின்றன. பக்கத்து மேசைக் குழந்தைகள் ஹாம்பர்கர் வைத்த சுஷியைப் பிய்த்து மீதியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் அதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவர்போல் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

நிஷினா கோட்டும் டையுமாக வந்திருந்தான். அந்தக் கடையில் கோட்டுப் போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அகலமான, நல்ல முகம். முழு முதுகும் வளையக் குனிந்து வணங்கினான்.

"ஐயா, உங்களப் பத்தி சாயோ நெறைய சொல்லியிருக்காங்க."

"நல்லதா எதுவும் சொல்லியிருக்க மாட்டாளே," என்றார் அத்தான். சாயோவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அட, நல்ல ஆரம்பம் என்று நினைத்தேன்.

அத்தான் குச்சியைப் பிளந்தார். பிளந்து, பக்கத்து மேசைக்கே கேட்கிற மாதிரி, சரக் சரக்கென்று தேய்த்தார்.

நிஷினாவின் கை நின்றது. அவன் தன் குச்சியை ஓசையில்லாமல் பிளந்து ஓரமாக வைத்தான். ஈரத்துணியில் விரல் விரலாகத் துடைத்தான். திரையில் வெள்ளை மீன் கேட்டான். வந்ததும் விரல்களால் மெல்ல எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, மீனின் நுனி மட்டும் சாஸில் பட, ஒரே வாயில் போட்டான். பிறகு ஒரு துண்டு இஞ்சி, ஒரு வாய் தேநீர், அடுத்தது இன்னொரு வெள்ளை மீன். நிஹோன்பாஷிப் பலகையில் உட்கார வைத்தாலும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

நான் அத்தானைப் பார்த்தேன். ஆயுள் முழுக்க ஊரையே திருத்திப் பார்த்தும் ஒருவரும் திருந்தாத மனிதர் அவர். அவர் முன்னால், அவர் கேட்காமலே, எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் தவிப்பில், பழகி வைத்திருந்ததைச் செய்தார். மக்காச்சோளமும் மயோனைசும் வைத்த சுஷியை முதலில் எடுத்தார். வசாபியைச் சாஸில் போட்டு வட்டம் வட்டமாகக் கலக்கினார். சோற்றை முழுக்க முக்கினார். இரண்டு வாயாகக் கடித்தார். சாஸ் மோவாயில் வழிந்தது.

சாயோ அவரைப் பார்க்கவில்லை. அவள் நிஷினாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ தெரியாதவரைப் பார்க்கிற மாதிரி.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?"

"கொஞ்ச நாளா... வீடியோ பாத்துப் பழகினேன். அப்பா முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாதுல்ல," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு அத்தானின் கிண்ணத்தைப் பார்த்தான், அவர் மோவாயைப் பார்த்தான். அவன் காது சிவக்க ஆரம்பித்தது. "ஐயா, நான் ஏதாவது தப்பா செஞ்சிட்டேனா?"

"இல்ல, இல்ல! நல்லா சாப்பிடுங்க. எப்படி வேணா சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அத்தான் அவசரமாக இன்னொரு முறை குச்சியைத் தேய்த்தார்.

பெரியவர் ஒருவர் ஒரு மாதிரி சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தவன் வேறு மாதிரி சாப்பிட்டால் அது அவரைக் குத்திக்காட்டுவதாகும். அந்த மரியாதையும் அந்தப் பையனுக்குத் தெரிந்து தொலைத்திருந்தது. அவன் ஒரு சூரையை எடுத்தான். கொஞ்சம் தயங்கினான். பிறகு அத்தானைப் போலவே திருப்பி, சோற்றுப் பக்கமாகச் சாஸில் இறக்கினான். சோறு பொலபொலவென்று உதிர்ந்தது. கிண்ணத்துக்குள் ஒவ்வொரு பருக்கையாகக் குச்சியால் துழாவி எடுத்தான். காது ரத்தமாகச் சிவந்திருந்தது.

அந்தக் காதை அத்தானால் தாங்க முடியவில்லை. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்ப்பா. நீ மொதல்ல சாப்பிட்ட பாரு, அதுதான் சரி. அதுதான் அழகு. அப்படியே சாப்பிடு."

சாயோ கைப்பையை மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"சொல்லிட்டீங்க," என்றாள்.

"சாயோ, நான் பாராட்டித்தான்..."

"அவரு கஷ்டப்பட்டு ஒழுங்கா சாப்பிடுறாரு. நீங்க அவர் முன்னாடி கோமாளி மாதிரி வழிய விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. கிண்டல் பண்ணி முடிச்சிட்டுத் தீர்ப்பும் சொல்லிட்டீங்க."

"கிண்டல் இல்லம்மா. மாறிட்டேன்னு காட்டத்தான் அப்படி சாப்பிட்டேன். ஒரு மாசமா பழகினேன். ஹிரோவக் கேளு!"

"ஆமாம்மா," என்றேன் நான். "சத்தியமா. வீட்ல உக்காந்து பழகினாரு. நானே பாத்தேன்."

"தப்பா சாப்பிடுறதுக்கு ஒரு மாசம் பழகினாரா?" சாயோ என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "மாமா, நீங்க எப்பவும் இவருக்குச் சாக்கு சொல்ற ஆளு. உங்கள சாட்சிக்குக் கூப்பிட்டது என் தப்பு."

அவள் இடத்தில் இருந்திருந்தால் நான் சொன்னதை நானும் நம்பியிருக்க மாட்டேன். உண்மை சில நேரம் அத்தனை அசட்டுத்தனமாக இருக்கிறது.

நிஷினா எல்லாத் திசையிலும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. சாயோ அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"இவரு சுஷி மேல மயோனைச ஊத்தி ஊத்தி சாப்பிடுவாரு மாமா. தட்ட நக்குவாரு. அதப் பாத்துத்தான் எனக்கு இவரப் பிடிச்சுது. இன்னைக்குப் பாத்தீங்களா? அப்படியே அப்பா. வெரல் வெரலா அப்பா." பிறகு அத்தானிடம் திரும்பினாள். "வாயே திறக்காம இவரையும் கெடுத்துட்டீங்களே."

அவர்கள் போய்விட்டார்கள். நிஷினா வாசலில் நின்று இன்னொரு முறை வணங்கினான். கேட்டு வைத்திருந்த தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எங்கள் முன்னால் பாட்டுப் பாடி நின்றன. எடுக்காவிட்டால் பாட்டு நிற்காது. பக்கத்து மேசைக் குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"எடுத்துச் சாப்பிடு ஹிரோ," என்றார் அத்தான், மோவாயில் சாஸ் காய்ந்திருக்க. "வந்த ஒடனே சாப்பிடணும்."

அந்த நிமிடம் அவரை அந்தத் தட்டாலேயே அடிக்கலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் விலாங்கு சுஷியைச் சாப்பிட்டேன்.

"எவ்வளவு அழகா சாப்பிட்டான் பாத்தியா?" என்றார். "அந்த மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இருந்திருக்கக் கூடாதா?"

அவருக்கு அந்தப் பிள்ளை கிடைத்ததும் போனதும் ஒரே மேசையில்தான்.

கல்யாணம் வசந்தத்தில் நடந்தது. எனக்கு அழைப்பு வந்தது. அக்கா நீகாதாவிலிருந்து வந்திருந்தாள். மணப்பெண்ணின் அப்பா உட்கார வேண்டிய நாற்காலியே போடவில்லை, கூப்பிட்ட இடத்தில் ஆள் வராத மாதிரி தெரியக் கூடாது என்று மேசையைச் சின்னதாக்கியிருந்தார்கள். சாயோ அழகாக இருந்தாள். விருந்து முடிந்து நான் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது நிஷினா தனியாக வந்தான்.

"மாமா, அன்னைக்கு அவரு நெசமாவே கிண்டல் பண்ணலையா?"

"பண்ணலப்பா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கே எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். எங் கையப் பிடிச்சாரு பாருங்க, எங்க இல்லத்துல பெரியவங்க அப்படித்தான் பிடிப்பாங்க. ஆனா அவகிட்ட சொல்ல முடியாது மாமா. நீங்களும் சொல்லாதீங்க. அவ இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா."

சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? சாயோ நல்ல பெண். நிஷினா நல்ல பையன். அத்தானும், யோசித்துப் பார்த்தால், நல்லவர். மூன்று நல்லவர்கள் சேர்ந்து ஒரு மேசையில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கேட் அடைத்திருந்தது, நீளமான சரக்கு ரயில். அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்பு டை சாவு வீட்டுக்குத்தான் என்று, தேடி எடுத்து வெள்ளை டை கட்டியிருந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

"நல்லா நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு அத்தான்."

"அழுதாளா?"

"கொஞ்சம். சந்தோஷத்துல."

தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டார்.

"சாப்பாடு என்ன போட்டாங்க?"

"மாட்டுக்கறிதான். கத்தி, முள்கரண்டின்னு மேல்நாட்டுச் சாப்பாடு."

அவர் கோப்பையை வைத்தார்.

"மாட்டுக்கறியா?" என்றார். "அதுல எனக்கு ஒரு சட்டமும் தெரியாதேப்பா. கூப்பிட்டிருந்தா சும்மா உக்காந்து சாப்பிட்டிருப்பேனே."